ராகுகாலத்தில் மட்டும் பழுதாகும் கம்ப்யூட்டர்

தொண்ணூறுகளின் கடைசியில் கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவனுக்கு டாக்டருக்குக் கிடைக்கிற மரியாதை கிடைத்தது. மொபெட்டை நிறுத்துவதற்குள் யாராவது ஓடிவந்து பையை வாங்கிக்கொள்வார்கள். உள்ளே போனதும் மின்விசிறியை நம் பக்கம் திருப்பி வைப்பார்கள். பெட்டியைத் திறந்து ஒரு திருகாணியைக் கழற்றினால் போதும், சுற்றி நாலு பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. அந்த மரியாதை தலைக்கு ஏறியிருந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நடந்ததில் பாதி அதனால்தான்.

காந்திபுரத்தில் ஒரு மாடியில் இருந்த கம்ப்யூட்டர் கடையில் எனக்கு வேலை. பாகங்களை வாங்கி, பூட்டி, வாடிக்கையாளர் இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு வர வேண்டும். கெட்டுப்போனால் போய்ப் பார்க்க வேண்டும். நகரத்தின் கிழக்குப் பக்கம் முழுக்க என் பொறுப்பு. அப்படித்தான் சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அந்த அச்சகத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிற இடம் அது. மாடியில் முதலாளி வீடு, கீழே அச்சகம். முன்னறையில் மாதிரிப் பத்திரிகைகள் ஒட்டிய தடித் தடி ஆல்பங்கள், பின்னறையில் ஓர் ஆப்செட் மிஷின், இரண்டு மிஷின்காரர்கள், வயதான பைண்டர் ஒருவர். அதுவரை எழுத்துக் கோப்பதை வெளியே கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார் முதலாளி. தை மாதக் கல்யாணங்களுக்கான பத்திரிகை எல்லாம் மார்கழியிலேயே அச்சாக வேண்டும், அதற்குள் சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது. அதற்கென்றே ஒரு பெண்ணையும் வேலைக்கு எடுத்திருந்தார். அந்தப் பெண்ணுக்குச் சத்தியமங்கலத்துக்குப் பக்கத்தில் ஊர், பாலிடெக்னிக்கில் படித்தவர், இங்கே பெண்கள் ஹாஸ்டலில் தங்கியிருந்தார். அச்சகத்தில் எல்லோரும் அவரைக் கம்ப்யூட்டர் அம்மணி என்று கூப்பிட்டார்கள். நானும் இங்கே அப்படியே சொல்கிறேன்.

மிஷினை வைக்கப் போனது கார்த்திகை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. எல்லாவற்றையும் இணைத்து முடித்தபோது காலை பதினொரு மணி. சுவிட்சில் கை வைக்கப் போனேன். முதலாளி பதறிப்போய்க் குறுக்கே வந்தார்.

"ஏனுங்க தம்பி, சித்த உக்காருங்க. பன்னண்டு மணிக்கு ராகுகாலம் போயிரும். பொறகு போட்டுக்கலாமுங்க."

நான் ஈரோட்டில் கல்லூரியில் படித்தவன். வகுப்பில் உட்கார்ந்ததைவிட அங்கே நடந்த பகுத்தறிவுக் கூட்டங்களில் உட்கார்ந்த நேரம் அதிகம். ராகுகாலம் என்று யாராவது சொன்னாலே எனக்கு மூக்கு விடைத்துக்கொள்ளும். எனக்கு அன்று வேறு வேலை ஒன்றும் இல்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் ஒன்றும் குறைந்திருக்காது. ஆனாலும் விடவில்லை.

"கம்ப்யூட்டருக்கு ராகுவும் தெரியாது, கேதுவும் தெரியாதுங்க. கரண்டு மட்டுந்தான் தெரியும்" என்று சொல்லிக்கொண்டே சுவிட்சைப் போட்டேன்.

முதலாளி கோபப்படவில்லை. "ஆகட்டுங்க. உங்க இஷ்டமுங்க" என்றார். எங்கள் பக்கத்தில் ஒருவர் 'உங்க இஷ்டமுங்க' என்று சொன்னால், சாகும்வரை அதை ஞாபகத்தில் வைத்திருப்பார் என்று அர்த்தம். மிஷின் ஓடியது, கம்ப்யூட்டர் அம்மணி ஒரு பிள்ளையார் சுழியை அடித்துக் காட்டினார், நான் வெற்றியோடு கிளம்பினேன்.

முதல் வாரம் ஒரு குறையும் இல்லை. இரண்டாவது வாரம் போன் வந்தது.

"தம்பி, மிஷின் ஸ்லோவாப் போகுதுங்க" என்றார் முதலாளி. "நடுநடுவுல அப்படியே நின்னு போகுது. நீங்க எப்ப வர்றீங்களோ வாங்க. அவசரமில்லீங்க." அவசரமில்லீங்க என்றால் உடனே வா என்று அர்த்தம். உடனே போனேன்.

கம்ப்யூட்டர் அம்மணி விஷயத்தைத் தெளிவாகச் சொன்னார். எழுத்தை அடித்தால் திரையில் வருவதற்கு நேரமாகிறது. சேமிக்கச் சொன்னால் மணற்கடிகாரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சில சமயம் மொத்தமும் உறைந்துபோய், அணைத்துப் போட வேண்டியிருக்கிறது. முந்தின நாள் ஒரு பத்திரிகையில் மாமன்மார், சித்தப்பன்மார், பங்காளிகள் என்று இரண்டு பக்கம் நிறையப் பெயர் அடித்து, சேமிக்கும்போது அத்தனையும் போய்விட்டதாம். மறுபடி முதலில் இருந்து அடித்திருக்கிறார். எங்கள் பக்கத்துப் பத்திரிகையில் ஒரு மாமன் பேர் விட்டுப்போனால் பந்தியில் இலை போடுவதற்குள் சண்டை வந்துவிடும். முதலாளியின் பயம் நியாயமானதுதான்.

அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. தனக்கு என்ன கோளாறு வந்தாலும் நாள், மணி, நிமிடம் போட்டு உள்ளேயே ஒரு பட்டியலில் எழுதிக்கொள்ளும். சிஸ்டம் லாக் என்போம். சாதாரணத் தகவலுக்கு நீலப் புள்ளி, எச்சரிக்கைக்கு மஞ்சள், பிழைக்குச் சிவப்பு. திறந்து பார்த்தேன். முதல் வாரம் முழுக்க நீலம். அதற்குப் பிறகு சிவப்புச் சிவப்பாக ஒரே பிழை திரும்பத் திரும்ப வந்திருந்தது. ஹார்ட் டிஸ்க் குறித்த நேரத்தில் பதில் சொல்லவில்லை என்பது அதன் சாரம். பதில் வராததால் மிஷின் மறுபடி மறுபடி கேட்கிறது, அதனால்தான் எல்லாம் மெதுவாகிறது.

டிஸ்க்தானே, கேபிள் தளர்ந்திருக்கும் என்று கழற்றி மாட்டினேன். பெட்டிக்குள் சேர்ந்திருந்த காகிதத் தூசியை ஊதிச் சுத்தம் செய்தேன். "இனிமேல் பறக்குமுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் போன் வந்தது.

இந்த முறை, உள்ளே இருந்ததை அப்படியே நகலெடுத்துக்கொண்டு, ஹார்ட் டிஸ்க்கையே மாற்றினேன். கடையில் என் முதலாளி முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் புதியதைக் கொடுத்தார். வைரஸ் இருக்குமோ என்று அதையும் தேடினேன். எல்லாம் முடித்து, ஓடவிட்டு, ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். குதிரை மாதிரி ஓடியது. வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சாப்பிட்டேன். மறுநாள் மத்தியானமே போன் வந்தது. "கெரகம்" என்று வாய்விட்டுத் திட்டினேன். கிரகத்தை நம்பாதவன் வாயிலும் எங்கள் ஊரில் அந்தச் சொல்தான் முதலில் வரும்.

மூன்றாவது முறை போனபோது மெமரியை மாற்றிப் பார்த்தேன், அதிலும் குறை இல்லை. வேறு வழி தெரியாமல் லாகில் இருந்த சிவப்புப் பிழைகளை எல்லாம் ஒரு பழைய பத்திரிகை அட்டையின் பின்பக்கத்தில் கிழமை வாரியாக எழுதினேன். செவ்வாய் மூன்றேகால், மூன்று ஐம்பது. புதன் பன்னிரண்டரை. வியாழன் ஒன்று ஐம்பது, இரண்டு இருபது. வெள்ளி பத்தே முக்கால், பதினொன்றரை. சனி பத்து மணி. ஞாயிறு அச்சகத்துக்கு விடுமுறை; வேலை நாட்களில் திங்கட்கிழமை மட்டும் ஒரு பிழைகூட இல்லை. ஒரு கிழமைக்கும் இன்னொரு கிழமைக்கும் சம்பந்தமே இல்லை. பக்கத்து மில்லில் ஷிப்ட் மாறும் நேரமா என்று பார்த்தால் அதுவும் இல்லை. தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

என் தோளுக்குப் பின்னால் இருந்து முதலாளி அட்டையைப் பார்த்தார். பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"ஏனுங்க தம்பி, ராகுகாலம் எதுக்குங்க எழுதி வெச்சிருக்கறீங்க?"

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. அவர் என்னை எழுப்பிக் கூட்டிப்போய்ச் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரின் அட்டையைக் காட்டினார். செவ்வாய் மூன்றிலிருந்து நாலரை. புதன் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை. வியாழன் ஒன்றரையிலிருந்து மூன்று. ஒவ்வொன்றாக விரல் வைத்து ஒத்துப்பார்த்தேன். ஒரு பிழைகூட வெளியே போகவில்லை.

"திங்கக்கெழம?" என்று கடைசி நம்பிக்கையோடு கேட்டேன்.

"திங்கக்கெழம ராகுகாலம் ஏழரை ஒம்பதுங்க. நாம கடை தொறக்கறதே ஒம்பதரைக்குத்தானுங்களே."

பின்னறையில் மிஷின் நின்றது. மிஷின்காரர்களும் பைண்டரும் வாசலுக்கு வந்து என்னையும் கம்ப்யூட்டரையும் மாறிமாறிப் பார்த்தார்கள். பகுத்தறிவுக் கூட்டத்தில் என்னோடு உட்கார்ந்த யாரும் அங்கே இல்லாதது ஒன்றுதான் ஆறுதல்.

முதலாளி குரலை உயர்த்தவே இல்லை. "நாஞ் சொன்னனுங்க. நீங்க கேக்கலீங்க. ராகுகாலத்துல மொத சுவிச்சப் போட்டுட்டீங்க, அது ராகுகாலத்துல நிக்குது. மிஷின் மேல தப்பு இல்லீங்க, உங்க மேலயும் தப்புன்னு சொல்லலீங்க." இப்படித் திட்டுகிறவரை எதிர்த்து என்ன பேச முடியும்? அவரே தொடர்ந்தார். "வர்ற வெள்ளிக்கெழம வரைக்கும் பாக்கறனுங்க. சரியாகலீன்னா சனிக்கெழம நீங்களே எடுத்துக்கங்க. மொகூர்த்தம் நெருங்குது. நான் பழையபடி வெளிய குடுத்து அடிச்சுக்கறேன். அம்மணிக்கும் வேற எடம் பாத்துக்கச் சொல்லிப்போடறேன்."

வெளியே வந்து மொபெட்டை எடுக்கும்போது கம்ப்யூட்டர் அம்மணி பின்னால் வந்தார். நான் மறந்துவைத்த ஸ்குரூ டிரைவரைக் கொடுக்க வந்தவர், கொடுத்த பிறகும் நின்றார்.

"சார், மிஷின் போச்சுன்னா எனக்கும் இங்க வேலை இல்லீங்க" என்றார். "ஊருக்குப் போனா மறுக்கா உட மாட்டாங்க. எங்கப்பனும் அம்மாவும் அடுத்தவங்க மஞ்சக்காட்டுல கூலிக்குப் போறவங்க. நானும் அங்கதான் போயி நிக்கோணும். எங்கூட்டுல நாற்காலில உக்காந்து வேலை பாக்கறது நாந்தானுங்க மொதல்ல. எப்படியாச்சும் சரிபண்ணிக் குடுத்துருங்க."

"கவலைப்படாதீங்க. நான் பாத்துக்கறேன்" என்றேன். என் குரல் எனக்கே பெரிய டாக்டர் குரல் மாதிரி கேட்டது. உள்ளுக்குள் ஒன்றும் தெரியவில்லை. அந்தப் பெண்ணின் வேலைக்காக எவ்வளவு கவலைப்பட்டேனோ, அதே அளவு முதலாளியிடம் ராகுவைப் பொய்யாக்கிக் காட்ட வேண்டும் என்றும் துடித்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை.

வியாழக்கிழமை ஒன்றேகாலுக்கே அச்சகத்தில் போய் உட்கார்ந்தேன். ராகுகாலம் முழுக்க மிஷின் பக்கத்திலேயே இருந்து கண்ணால் பார்ப்பது என்று தீர்மானம். ராகுகாலத்தில் யாரும் பத்திரிகை எழுதக் கொடுக்க வரமாட்டார்கள். அதனால் முன்னறை வெறிச்சென்று இருக்கும். ஏற்கெனவே ஏற்றிய வேலை பின்னறையில் ஓடும், மற்றவர்கள் அங்கே போய் மாடியிலிருந்து வரும் காபியைக் குடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்பார்கள். எனக்கு முன்னறைக்கே காபி வந்தது. குடித்துக்கொண்டே லாகைத் திறந்து வைத்துக் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் அம்மணி எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பல்லடத்துக் கல்யாணத்தை அடித்துக்கொண்டிருந்தார். இரண்டு மணி ஆனது, இரண்டரை ஆனது, மூன்றும் அடித்தது. ஒரு சிவப்புகூட வரவில்லை.

முதலாளிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ராகுவே உங்களக் கண்டா பயப்படுதாட்டங்க. பேசாம நீங்க தெனமும் வந்து இங்கயே உக்காந்துக்கங்க."

அன்று வீட்டுக்குத் திரும்பும்போது ஒண்டிப்புதூர் ரயில்வே கேட்டில் நின்றுகொண்டிருந்தேன். கேட் திறந்து பின்னால் இருந்த லாரிக்காரர் ஹாரன் அடித்தும் நகரவில்லை. எனக்கு ஒன்று உறைத்திருந்தது. மற்ற நாளெல்லாம் வந்த கோளாறு இன்றைக்கு வரவில்லை. இன்றைக்கு மட்டும் என்ன வித்தியாசம்? நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். அப்படியானால் நான் உட்காரக்கூடாது.

மறுநாள் வெள்ளிக்கிழமை, கடைசி நாள். பத்தரைக்குப் போனேன். இந்த முறை முன்னறையில் நிற்காமல் நேராகப் பின்னறைக்குப் போய், மிஷின்காரர்களோடு காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்துகொண்டேன். காபி வந்தது, குடித்தேன். பைண்டர் தன் முழங்கால் வலியைப் பற்றி விரிவாகச் சொன்னார். பத்து ஐம்பத்தைந்துக்கு எழுந்து, சத்தமில்லாமல் முன்னறைக் கதவருகே போய் எட்டிப் பார்த்தேன்.

மானிட்டரில் படம் சுருங்கியிருந்தது. நாலு ஓரத்திலும் விரல் அகலத்துக்குக் கறுப்பு. மணற்கடிகாரம் சுற்றிக்கொண்டிருந்தது. மானிட்டருக்குப் பின்னால் ஒரு டம்ளரில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. ஹாஸ்டல்களில் வைத்திருப்பார்களே, டம்ளருக்குள் போட்டு வெந்நீர் வைக்கும் கம்பிச்சுருள் ஹீட்டர், அது அந்த டம்ளருக்குள் இருந்தது. அதன் ஒயர் கம்ப்யூட்டருக்குக் கரண்டு கொடுக்கும் ஸ்டெபிலைசரில் காலியாக இருந்த ஓட்டையில் சொருகியிருந்தது. பக்கத்தில் ஒரு சின்ன டப்பாவில் டீத்தூளும் இன்னொன்றில் சர்க்கரையும் இருந்தன.

எல்லாம் ஒரு நொடியில் விளங்கிவிட்டது. சிங்காநல்லூரில் மில்லும் பட்டறையும் இழுக்கிற இழுப்பில் கரண்டு எப்போதுமே நோஞ்சானாகத்தான் வரும். யூ.பி.எஸ்.ஸைத் தை பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முதலாளி தள்ளிப்போட்டிருந்தார். பின்னால் ஆப்செட் மிஷின் ஓடும்போது ஹீட்டரும் சேர்ந்தால், ஹார்ட் டிஸ்க்குக்குப் போய்ச் சேருகிற கரண்டு போதாது. அது திணறுகிறது, கம்ப்யூட்டர் மறுபடி மறுபடி கேட்கிறது, லாகில் சிவப்பு விழுகிறது. வாடிக்கையாளர் வராத நேரம் ராகுகாலம் ஒன்றுதான், ஆகவே கம்ப்யூட்டர் அம்மணி டீ போடும் நேரமும் அதுதான். நேற்று நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால் அவர் டீ போடவில்லை.

இங்கே நான் செய்திருக்க வேண்டியது என்னவென்று இப்போது நன்றாகவே தெரியும். உள்ளே போய், "இதைக் கழட்டிடுங்க, இனிமேல் இங்க சொருகாதீங்க" என்று காதோடு சொல்லியிருந்தால் போதும். மிஷின் தங்கியிருக்கும், அவர் வேலையும் தங்கியிருக்கும். ஆனால் எனக்கு ராகு தோற்றது பெரிதாக இருந்தது. தொண்டை கிழியக் கத்தினேன்.

"கண்டுபுடிச்சுட்டனுங்க! எல்லாரும் வாங்க! வந்து பாருங்க!"

எல்லோரும் வந்தார்கள். ஹீட்டரைப் பிடுங்கினேன், படம் விரிந்து திரையை நிறைத்தது. சொருகினேன், சுருங்கியது. ஸ்டெபிலைசரின் முள் இறங்குவதைக் காட்டினேன். லாகைத் திறந்து பத்து ஐம்பத்தாறுக்கு விழுந்த புத்தம்புதிய சிவப்பைக் காட்டினேன். வித்தைக்காரன் மாதிரி மூன்று தடவை சொருகிப் பிடுங்கிக் காட்டினேன்.

"ராகுவும் இல்ல, கேதுவும் இல்லீங்க! டீங்க!" என்றேன்.

மிஷின்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முதலாளிகூடச் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டேதான், மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல்தான், அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"ஏனம்மணி, நம்மூட்டுல இருந்து தெனமும் காபி எறங்குதே. உனக்கு எதுக்குக் கண்ணு தனியா டீ?"

கம்ப்யூட்டர் அம்மணி எழுந்து நின்றார். பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம். எனக்குக் காபி ஒத்துக்காதுங்க என்று சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். அவர் கீபோர்டைப் பார்த்தபடி சொன்னார்.

"எறங்குதுங்க. உங்க எல்லாத்துக்கும் எவர்சில்வர் டம்ளருங்க. எனக்கு வெளிய தண்ணித்தொட்டி மேல ஒரு கண்ணாடி டம்ளர் வெச்சிருக்குதுங்க. அதுல படாம மேல இருந்து ஊத்துவாங்க. குடிச்சுப்போட்டு நானே கழுவி அங்கயே கமுத்தி வெக்கோணுமுங்க. மொத ஒரு வாரம் குடிச்சனுங்க. பொறகு என்னால முடியலீங்க. அதான் ஹாஸ்டல்ல இருந்து ஹீட்டரக் கொண்டாந்தேன்."

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மரியாதை வைத்துத்தான் பேசினார். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். பைண்டர் தரையைப் பார்த்தார். முதல் வாரம் லாக் முழுக்க ஏன் நீலமாக இருந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

வெட்கம் பிடுங்கித் தின்றது. முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும் முதலாளி என்னைக் கேட்டிருந்தார், தம்பிக்கு எந்த ஊருங்க, அப்பா என்ன பண்றாருங்க, எந்தக் கூட்டமுங்க என்று. கூட்டம் என்றால் எங்கள் பக்கத்தில் சாதிக்குள் இருக்கும் குலம், எல்லோரும் கேட்பதுதான். நானும் எல்லாவற்றையும் பெருமையாகச் சொன்னேன், பல்லடத்துக்குப் பக்கம், தோட்டம் இருக்குது, இன்ன கூட்டம் என்று. அதற்கப்புறம்தான் எனக்கு எவர்சில்வர் டம்ளரில் காபி வந்தது. ஆறு தடவை வந்து ஆறு தடவையும் குடித்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அந்தத் தொட்டியில்தான் கை கழுவினேன். ராகுகாலத்தைப் பார்த்தால் விடைக்கிற என் மூக்குக்கு முன்னால்தான் அந்தக் கண்ணாடி டம்ளர் இருந்தது.

முதலாளி ஹீட்டர் ஒயரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மிஷின் நல்லாத்தான இருக்குதுங்க தம்பி?"

"நல்லாருக்குதுங்க."

"செரிங்க" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார். கம்ப்யூட்டர் அம்மணியின் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் பையை எடுத்துக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் வெளியேறினேன். வேலையைக் காப்பாற்றித் தருகிறேன் என்று சொன்னவன், அதை நாலு பேர் முன்னால் பிடித்து உலுக்கிவிட்டு வந்திருந்தேன்.

சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் போனைச் சுற்றியே வந்தேன். போன் செய்து பார்க்கலாம் என்று ரிசீவரை எடுப்பேன். வேறு யாராவது எடுத்து, அந்தப் பொண்ணு நின்னுபோச்சுங்க என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று வைத்துவிடுவேன். செவ்வாய்க்கிழமை கிளம்பிவிட்டேன். மூன்று மணி சுமாருக்குப் போய்ச் சேர்ந்தேன்.

அவர் இருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, காதில் பென்சிலைச் சொருகிக்கொண்டு, ஒரு பெரிய குடும்பத்தின் மாமன்மார் வரிசையை அடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்படியே அந்த ஆல்பங்களின் மேல் உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. எதிர்ச் சுவரில் புதிதாக ஒரு பிளக் பாயின்ட் முளைத்திருந்தது. மிஷின் அறையிலிருந்து தனியாக லைன் இழுத்திருந்தார்கள். ஹீட்டர் இப்போது அதில் தொங்கியது.

முதலாளி மாடிப்படியில் கால் வைத்தவர் என்னைப் பார்த்ததும் நின்றார். பழைய உற்சாகம் குறையவில்லை. "வாங்க தம்பி. அன்னைல இருந்து ஒரு கொறையும் இல்லீங்க. ஆனா ஒண்ணுங்க, என்ன இருந்தாலும் கோளாறு வந்தது ராகுகாலத்துலதானுங்களே?"

அவர் சிரித்துக்கொண்டே மேலே போனார். மிஷின்காரர்கள் இரண்டு பேரும் அவர் பின்னாலேயே ஏறினார்கள்.

"இப்பெல்லாம் காபி கீழ வர்றதில்லீங்க" என்றார் கம்ப்யூட்டர் அம்மணி. "அவங்க மேல போயிக் குடிச்சுக்கறாங்க. தொட்டி மேல இருந்த டம்ளரையும் காணமுங்க."

நன்றாக ஆகிவிட்டது என்று இதைச் சொல்ல முடியாது, மாறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. பைண்டர் மட்டும் கீழேயே இருந்தார். முழங்கால் வலியோடு படி ஏற முடியாது என்று சொல்லிவிட்டு, அம்மணி போட்ட டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

"வேலைக்கு ஒண்ணும்..." என்று இழுத்தேன்.

"வெள்ளிக்கெழம ராத்திரியெல்லாம் எனக்கும் பொட்டு உறக்கமில்லீங்க. பெட்டிகூடக் கட்டி வெச்சுட்டேன். சனிக்கெழம வந்தா, முதலாளி எப்பவும் போல காயிதத்தக் கொண்டாந்து மேசைல வெச்சாருங்க. மாமன் பேரு ஒண்ணுகூட உடாம அடிச்சுரு கண்ணுன்னாரு. அவ்வளவுதானுங்க. நானும் உக்காந்து அடிச்சுட்டேன்."

"அன்னைக்கு நான் அப்படிக் கத்தியிருக்கக்கூடாதுங்க. என்மேல தப்புங்க" என்றேன்.

அவர் எழுந்து எனக்கு இடம் விட்டார். நான் பழக்கதோஷத்தில் உட்கார்ந்து, லாகைத் திறந்து, வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் சிவப்பு ஏதாவது இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தேன். பின்னால் அவர் சிரிக்கும் சத்தம் கேட்டது.

"மறுபடியும் அதுகிட்டயே கேக்கறீங்களா சார்? மூணு வாரமா மிஷினக் கேட்டீங்க, கேபிளக் கேட்டீங்க, காலண்டரக்கூடக் கேட்டீங்க. நான் காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் இங்கயேதானுங்க உக்காந்திருக்கேன். அந்த நேரத்துல நீ என்ன பண்ணுவேன்னு எங்கிட்ட ஒருக்காக் கேட்டிருந்தா, மொத நாளே சொல்லியிருப்பனுங்களே."

பைண்டர் டீயை உறிஞ்சுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பட்டியலைப் படிக்காமலே மூடினேன். நாற்காலியை விட்டு எழுந்து, அதை அவர் பக்கம் தள்ளி வைத்தேன்.

"மிஷின் எப்படி இருக்குதுங்க?" என்று அவரைக் கேட்டேன்.

"நல்லா ஓடுதுங்க" என்றார் அவர், உட்கார்ந்துகொண்டே. "நானும் இருக்கறனுங்க."